வேண்டாம் என்று எழுதாதவரை

நோர்டால், விஸ்கான்சின்
ஆகஸ்ட் 21, 1978

அன்புத் தங்கை மோரீனுக்கு அக்கா ஆர்டிஸ் எழுதுவது.

இங்கே நான், ஓர்வல், மாடுகள் எல்லோரும் சுகம். சாப்பிடுகிறோம், தூங்குகிறோம், ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொள்கிறோம். நீயும் லைலும் அந்த அரிசோனா வெயிலில் கருவாடாகிவிடாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

நீ அனுப்பிய பத்திரிகைக் கட்டு வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தது. அந்தத் தையல் பத்திரிகையை எப்படிப் பிடித்தாய்? அவர்கள் புதிய வாசகருக்கு மட்டும்தான் முதல் இதழை இலவசமாகத் தருவார்கள். உன் பெயர், லைல் பெயர், லைலின் செத்துப்போன அம்மா பெயர் எல்லாம் எப்போதோ தீர்ந்துவிட்டதே. யார் பெயரில் வாங்கினாய் என்று மறக்காமல் எழுது. பதிலுக்கு நான் இரண்டு சமையல் பத்திரிகையும் ஒரு தோட்டப் பத்திரிகையும் அனுப்பியிருக்கிறேன். சமையல் இரண்டும் பியூலா பெயரில் வந்தவை, தோட்டம் ஹில்டா பெயரில்.

மனிதப் பெயர்கள் தீர்ந்து நான் மாடுகளின் பெயருக்கு வந்ததில் ஒரு குறையும் இல்லை. பல் டாக்டரிடம் போகும்போது அங்கே கிடக்கும் பத்திரிகைகளிலிருந்து சந்தா அட்டைகளை உருவிக்கொண்டு வருகிறேன். தபால்தலைகூட ஒட்ட வேண்டாம். ‘பணம் பிறகு’ என்ற கட்டத்தில் டிக் அடித்து, திருமதி பியூலா ஹாகன் என்று எழுதிப் போட்டால் முதல் இதழ் வீடு தேடி வருகிறது. பின்னாலேயே பில் வரும். பில்லின் குறுக்கே கொட்டை எழுத்தில் ‘வேண்டாம்’ என்று எழுதி, அவர்கள் உறையிலேயே போட்டுத் திருப்பிவிட்டால் கதை முடிந்தது. இதழ் நமக்கே. இதையெல்லாம் உனக்குப் போய்ச் சொல்கிறேன் பார், நீதானே எனக்குச் சொல்லிக்கொடுத்தவள்.

போன வாரம் பியூலாவுக்கு ஒரு கடிதம் வந்தது. அவளைப் போல நுட்பமான ரசனை உள்ள பெண்மணிகளுக்காகவே ஒரு வீட்டு அலங்காரப் பத்திரிகை தொடங்குகிறார்களாம். முதல் ஆறு மாதம் ஒரே டாலர். அதைக் கொண்டுவந்த தபால்காரர் எல்ராய் வண்டியை நிறுத்திவிட்டு, “ஆர்டிஸக்கா, உங்க வீட்ல எத்தனை பொம்பளைங்கதான் இருக்கீங்க? பியூலாங்கறாங்க, ஹில்டாங்கறாங்க, ஒருத்தர் மூஞ்சியையும் நான் பாத்ததில்லையே” என்று கேட்டார். “அதோ, வேலிக்கிட்ட வாலை ஆட்டிட்டு நிக்கிறாளே, அவதான் பியூலா” என்றேன். மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். “அவங்க பேருக்குப் பதிவுத் தபால் வந்தா யாரு கையெழுத்துப் போடறது?” என்றார். குளம்பை வைத்துவிடுவாள் என்று சொல்லி அனுப்பினேன்.

அன்று சாயங்காலம் பால் கறக்கும்போது ஓர்வல் அந்தக் கடிதத்தைப் பியூலாவின் காதருகே நின்று படித்துக் காட்டினார். அவருக்கு நம் விளையாட்டில் சேர்ந்து சிரிக்கத் தெரியும், ஆனால் இத்தனை வருடத்தில் ஒரு அட்டைகூட நிரப்பியதில்லை. என் வீட்டுக்காரர் பேனாவைக் கண்டாலே ஓடுவார். “நீ எழுது, நான் படிக்கிறேன். வேலையைப் பங்கு போட்டுக்கலாம்” என்பார்.

பால் பண்ணைக்காரர்களுக்கென்று இலவசமாக வருமே ஒரு பத்திரிகை, அதற்கு இந்த வருட அட்டையையும் நிரப்பி அனுப்பிவிட்டேன். எத்தனை மாடு, என்ன வாங்கப்போகிறீர்கள், பண்ணையைப் பெரிதாக்குவீர்களா, விடுவீர்களா என்று துருவித் துருவிக் கேட்பார்கள். எல்லாவற்றுக்கும் ஆமாம் என்று டிக் அடித்தால்தான் கூட நாலு பத்திரிகை சேர்ந்து வரும். போன தடவை அப்படி அடித்ததில் தீவனக் கோபுரம் கட்டுகிற கம்பெனிக்காரன் ஒருவன் மாடிசனிலிருந்து வந்து நின்றான். பாவம், காப்பி கொடுத்து அனுப்பினேன்.

நம் பக்கத்துப் பண்ணை இனெஸ் மாட்டிக்கொண்ட கதை தெரியுமா? நம்மைப் பார்த்து அவளும் ஒரு தோட்டப் பத்திரிகைக்கு எழுதிப் போட்டாள். பில் வந்ததும் பயந்துபோய் அலமாரியில் வைத்துவிட்டாள். அவர்கள் மாதாமாதம் அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். மாதர் சங்கக் கூட்டம் முடிந்து வரும்போது வண்டியில் உட்கார்ந்து அழுதாள். “சும்மா இருந்தா சரின்னு சொன்னதா எடுத்துக்குவாங்க, இனெஸ். அதுதான் அவங்க வழக்கம். வேண்டாம்னா வேண்டாம்னு நாமதான் எழுதணும்” என்று சொன்னேன். ஓர்வல்தான் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். நீ இவ்வளவு பெரிய வக்கீலா என்று வழியெல்லாம் கிண்டல்.

அப்புறம், அந்த அரிசோனா பத்திரிகை உன் வேலைதானே? என் சொந்தப் பெயருக்கு மூன்று மாதமாக வருகிறது, பில்லும் வரவில்லை. புல்லுக்குப் பதிலாகக் கூழாங்கல்லைக் கொட்டிவைத்த வாசல்களாகப் படம் போடுகிறார்கள். பியூலா பார்த்தால் பட்டினியில் செத்துப்போவாள். ஆனால் உன்னுடைய குறும்பு என்பதால் தூக்கிப் போட மனம் வரவில்லை, மேசையிலேயே கிடக்கிறது. ஓர்வல்கூட சாப்பிடும்போது புரட்டிக்கொண்டிருக்கிறார்.

அவர் முட்டிதான் படுத்துகிறது. காலையில் தொழுவத்துக்குப் போக இரண்டு தடவை நின்று போகிறார். அன்றைக்குக் கறந்துகொண்டிருக்கும்போது, “மோரீன் இருக்கற ஊர்ல முட்டி வலியே கெடையாதாம்” என்றார். அப்போது ஹில்டாவின் மடியில் ஒரு கட்டி போலத் தட்டுப்பட்டது, நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்ததில் பதில் சொல்லவில்லை. கட்டி இல்லை, நல்லவேளை. ஹில்டாவுக்கு ஏதாவது என்றால் எனக்குத் தாங்காது. அப்பா என் கல்யாணத்துக்குக் கொடுத்த மூன்று கிடேரிகளின் வம்சத்தில் அவள்தான் மூத்தவள். நீ பியானோவை எடுத்துக்கொண்டாய், நான் கிடேரிகளை எடுத்துக்கொண்டேன். இன்று தொழுவம் நிறைந்து நிற்பது அந்த மூன்றின் வயிற்றிலிருந்து வந்ததுதான். பியானோ எங்கே என்று நான் கேட்கவில்லை.

லைலை வெயிலில் தொப்பி போடச் சொல். கட்டு கிடைத்ததும் எழுது.

உன் கூட்டுக்களவாணி அக்கா,
ஆர்டிஸ்


நோர்டால்
செப்டம்பர் 28

அன்பு மோரீன்,

இந்தக் கடிதத்தை லைலுக்குக் காட்டாதே. நீ மட்டும் படி. யாரிடமும் சொல்ல முடியாத ஒன்று, உன்னிடம் சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை எனக்கு மாதர் சங்கம். உனக்குத்தான் தெரியுமே, செவ்வாய் என்றால் நான் வீட்டில் இருக்க மாட்டேன். இந்த வாரம் பாதிரியாரின் மனைவிக்குக் காய்ச்சல் என்று கூட்டத்தைப் புதனுக்கு மாற்றிவிட்டார்கள். ஓர்வல் டிராக்டருக்கு ஏதோ வாங்க டவுனுக்குப் போயிருந்தார். நான் ஆப்பிள் கேக்கை அடுப்பிலிருந்து எடுக்கிறேன், வாசலில் ஒரு வண்டி வந்து நிற்கிறது. இறங்கியது ஏலக்காரர் டெல்மர். அவரை நீ பார்த்திருப்பாய், ஆண்டர்சன் வீட்டுச் சாமான்களையெல்லாம் ஒரே மத்தியானத்தில் ஏலம் போட்டாரே, அவர்தான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “நீங்களும் அந்த அட்டையைப் பாத்துட்டு வந்தீங்களா? அது ஒண்ணுமில்லைங்க. ஓசிப் பத்திரிகைக்காக எல்லாத்துக்கும் ஆமான்னு டிக் அடிச்சு வெப்பேன். பண்ணையை விடப்போறீங்களான்னும் கேட்டிருந்தான், அதுக்கும் அடிச்சுட்டேன். வீணா இவ்வளவு தூரம் வந்துட்டீங்க, உக்காருங்க, கேக் சூடா இருக்கு” என்றேன். அவர் தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே உட்கார்ந்தார். நான் பியூலாவின் கடிதத்தை எடுத்துவந்து படித்துக் காட்டினேன், மோரீன். இதை நினைத்தால்தான் எனக்கு உடம்பெல்லாம் கூசுகிறது. முழுவதையும் படித்துக் காட்டினேன்.

அவர் ஒரு வாய் கேக் சாப்பிட்டார். அப்புறம், “அட்டை எதையும் நான் பாக்கலைங்க. ஓர்வல்தான் போன் பண்ணாரு. அறுவடை முடிஞ்சதும் ஏலம் வெச்சுக்கலாம், வந்து மாட்டையெல்லாம் ஒரு பார்வை பாத்துட்டுப் போங்கன்னாரு” என்றார். நான் ஏதாவது சொல்வேன் என்று பார்த்தார். “செவ்வாக்கிழமை வாங்க, வீட்ல யாரும் இருக்க மாட்டாங்கன்னு சொல்லியிருந்தாரு. இன்னிக்குச் செவ்வாதானுங்களே?” என்றார். ஆமாம், செவ்வாய்தான் என்றேன்.

பிறகு நான் என்ன செய்தேன் தெரியுமா? அவருக்கு இன்னொரு துண்டு கேக் வைத்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவரும் பாவம், அதையும் சாப்பிட்டார். வாசலில் நின்று, “நீங்க வீட்ல இருந்ததை அவர்ட்ட சொல்லணுமாங்க, வேண்டாமா?” என்று கேட்டார். நான் இல்லாதபோது வந்ததாகவே சொல்லிவிடுங்கள் என்றேன். அப்படியே நேராகத் தொழுவத்துக்குப் போனார். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஹில்டாவின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார்.

ஓர்வல் சாயங்காலம் வந்தார். டெல்மர் வந்ததாக ஒரு வார்த்தை இல்லை. மாட்டுக்குத் தீவனம் வைத்தார், கறந்தார், சாப்பிட்டார், மழை வரும்போல் இருக்கிறது என்றார். நானும் ஆமாம் என்றேன். அன்றிலிருந்து இரண்டு பேரும் மழையைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம்.

மாடு என்னுடையது என்று சட்டத்தில் எங்கேயும் எழுதியிருக்காது. ஆனால் கன்று போடும்போதெல்லாம் கையை விட்டு இழுத்தது நான். காய்ச்சலில் படுத்த கன்றுகளை அடுப்பங்கரையில் கொண்டுவந்து வைத்துக் காப்பாற்றியது நான். அந்த மனிதருக்கு அது தெரியும். தெரிந்தே என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மகன் ரஸல் மில்வாக்கியில் லாரி ஓட்டுகிறான், பண்ணைக்கு அவன் வரமாட்டான் என்பது எனக்கும் தெரிந்ததுதான். என்றைக்காவது விடவேண்டி வரும் என்பதும் தெரிந்ததுதான். அதற்காக என் முதுகுக்குப் பின்னால் ஆளை வரவழைப்பதா? யாரோ வழிப்போக்கன் செய்தால் திட்டிவிட்டு இருந்துவிடுவேன். இவர் என் பக்கத்தில் படுத்துத் தூங்குகிறவர்.

உன்னிடம் போனில் ஏதாவது சொன்னாரா? சொல்லியிருக்க மாட்டார், சொல்லியிருந்தால் நீ எனக்கு எழுதியிருப்பாய். இந்த உலகத்தில் எனக்கு என்று ஒளிவுமறைவு இல்லாமல் இருப்பவள் நீ ஒருத்திதான். நான் கேட்கட்டுமா, இல்லை அவராகச் சொல்லும்வரை பொறுத்திருக்கட்டுமா? உடனே எழுது. நீ சொல்வதைச் செய்கிறேன்.

இந்த முறை பத்திரிகை எதுவும் அனுப்பவில்லை. மனசு சரியில்லை.

உன்னையே நம்பி,
அக்கா


நோர்டால்
நவம்பர் 12

மோரீனுக்கு,

நீ எழுதிய பதிலுக்கு இத்தனை நாள் கழித்து எழுதுகிறேன். முதலில் எழுதிய மூன்றையும் அடுப்பில் போட்டுவிட்டேன். அவை உனக்கு வந்திருந்தால் நீ எனக்குத் தங்கையாகவே இருந்திருக்க மாட்டாய்.

ஏலக்காரர் வந்தார் என்று மட்டும்தான் உனக்கு எழுதினேன். வீடு என்று ஒரு வார்த்தை எழுதவில்லை. அரிசோனாவுக்கு வருவதாகவும் எழுதவில்லை, அப்போது எனக்கே தெரியாது. நீ பதிலில் என்னைத் தேற்றுகிறாய். கவலைப்படாதே அக்கா, எங்களுக்கு இரண்டு வீடு தள்ளித்தான், சமையலறை ஜன்னல் உனக்குப் பிடித்த மாதிரி கிழக்கே பார்த்து இருக்கிறது என்று எழுதுகிறாய். அந்த வரியைப் படித்துவிட்டு, யாருடைய வீடு, எந்த ஜன்னல் என்று முதல் பக்கத்திலிருந்து தேடினேன். பக்கம் ஏதாவது விட்டுப்போயிருக்குமோ என்று உறையை உதறிப் பார்த்தேன். அப்போதும் உன்மேல் எனக்குச் சந்தேகம் வரவில்லை. நான் அவ்வளவு மட்டி.

கடிதத்தோடு தொழுவத்துக்குப் போனேன். ஓர்வல் கறவை இயந்திரத்தை மாட்டிக்கொண்டிருந்தார். “எப்ப சொல்லலாம்னு இருந்தீங்க?” என்று கேட்டேன். எதை என்று அவர் கேட்கவில்லை. இயந்திரத்தை நிறுத்தினார். “சொன்னேனே, ஆர்டிஸ். நாலஞ்சு தடவை சொன்னேன். மோரீன் ஊர்ல முட்டி வலிக்காதுன்னேன். இந்தக் குளிர் இனிமே நமக்கு ஒத்துவராதுன்னேன். நீ வேண்டாம்னு சொல்லலையே” என்றார்.

சரி என்றும் சொல்லவில்லையே என்றேன். “சும்மா இருந்தா சரின்னுதானே அர்த்தம். நீதானே இனெஸுக்குச் சொன்ன” என்றார்.

குத்திக்காட்டியிருந்தால் நானும் திருப்பிக் கொடுத்திருப்பேன். அவர் குத்திக்காட்டவில்லை. நம்பிச் சொன்னார். “அந்தப் பத்திரிகையையும் நீ நிறுத்தலை. மாசாமாசம் வந்துச்சு, மேசையிலேயே வெச்சிருந்த. உனக்குப் பிடிக்கலேன்னா மொத மாசமே வேண்டாம்னு எழுதிப் போட்டிருப்ப. உன்னை எனக்குத் தெரியாதா?” என்றார். அட்டையை நிரப்பியது யார் என்று கேட்டேன். “மோரீன் அனுப்பினா, நான் நிரப்பினேன்” என்றார். பேனாவைக் கண்டால் ஓடுகிற மனிதர் வாழ்க்கையில் நிரப்பிய ஒரே அட்டை. அதில் என் பெயரை எழுதியிருக்கிறார், எழுத்துப்பிழைகூட இல்லை.

“நான் சம்மதிச்சுட்டேன்னு நெனச்சீங்கன்னா, டெல்மரை ஏன் நான் இல்லாத நாள்ல வரச் சொன்னீங்க?” என்று கேட்டேன். ஏற்கெனவே துடைத்த வாளியை எடுத்து மறுபடி துடைத்தார். மாடுகள் கறவைக்கு நேரமாகிவிட்டதென்று கத்த ஆரம்பித்தன. இரண்டு பேருமாகக் கறந்து முடித்தோம்.

அவர்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. அது என்னவாகும் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அவர் பேசத் தெரியாத ஆள், கல்யாணத்துக்குக் கேட்டபோதுகூட நேராகக் கேட்கவில்லை, பால் லாரியில் முன்சீட்டில் இடம் இருக்கிறது என்றார். நீ அப்படியா? நீ வாரத்துக்கு ஒரு கடிதம் எழுதுகிறவள். கள்ளிச்செடி பூத்ததை எழுதினாய், லைல் சீட்டாட்டத்தில் தோற்றதை எழுதினாய், பக்கத்து வீட்டுக்காரியின் நாய்க்குச் சொறி வந்ததைக்கூட எழுதினாய். வசந்தகாலத்திலிருந்து என் வீட்டுக்காரரோடு போனில் பேசி எனக்கு வீடு பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்பதற்கு மட்டும் அந்தக் கடிதங்களில் இடம் இல்லாமல் போய்விட்டது. அந்தப் பத்திரிகை உன் குறும்புதானே என்று கேட்டேனே, அதற்காவது பதில் சொல்லியிருக்கலாம். கள்ளி பூத்ததையே இரண்டாம் தடவை எழுதினாய்.

என் நன்மைக்குத்தான் செய்தேன் என்கிறாய். முன்னாலேயே சொல்லியிருந்தால் நான் மறுத்திருப்பேன் என்கிறாய். அப்படியென்றால் நான் மறுப்பேன் என்று தெரிந்தேதான் கேட்காமல் விட்டிருக்கிறாய். ஓர்வலாவது என் மௌனத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டார். நீ தப்பாகப் புரிந்துகொள்ளவில்லை, மோரீன். நீ சரியாகப் புரிந்துகொண்டாய்.

ஒரு குளிர்காலம் இருந்து பார், பிடிக்காவிட்டால் திரும்பிப் போய்விடலாம் என்று எழுதியிருக்கிறாய். முதல் இதழ் இலவசம் என்கிற மாதிரி. எங்கே திரும்புவது? பத்திரிகையை வேண்டாம் என்றால் அது அச்சாகிக்கொண்டுதான் இருக்கும், நாம் பார்க்கமாட்டோம், அவ்வளவுதான். விற்ற மாடு அயோவாவில் எவனுடைய தொழுவத்திலோ நிற்கும். அப்பா என் கையில் கயிற்றைக் கொடுத்தபோது நீயும்தானே பக்கத்தில் நின்றாய். அந்த வம்சத்தைக் கலைப்பதற்கு முன்னால் உனக்கு என் ஞாபகம் வரவில்லையா?

ஏலம் அக்டோபர் கடைசியில் நடந்தது. நான் நிறுத்தியிருக்கலாம். டெல்மரே தனியாக வந்து, “நீங்க ஒரு வார்த்தை சொன்னா நான் ரத்து பண்ணிடறேங்க, அவர்ட்ட நான் பேசிக்கறேன்” என்றார். அதற்கு முந்தின நாள் காலை ஓர்வல் ஹில்டாவின் இடுப்பெலும்பைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்ததை நான் பார்த்துவிட்டேன். நான் பார்த்தது அவருக்குத் தெரியாது. எழுந்து நின்று சுவரில் கையை வைத்துக்கொண்டு மூச்சு வாங்கினார். அதனால் டெல்மரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. இந்த முறை தெரிந்தே சும்மா இருந்தேன், நீங்கள் இரண்டு பேரும் அதை எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஊரே வந்திருந்தது. இனெஸ் காப்பி போட்டுக் கொடுத்தாள். டெல்மர் எனக்காகக் குரலைத் தாழ்த்தித்தான் கூவினார் என்று எல்லோரும் சொன்னார்கள். பியூலாவை அயோவாக்காரன் ஒருவன் எடுத்தான். லாரியில் ஏற மாட்டேன் என்று முரண்டு பிடித்தாள், நான் போய்க் கழுத்தைத் தடவியதும் ஏறிவிட்டாள். நான்தான் ஏற்றிவிட்டேன். எல்ராய் பக்கத்தில் வந்து நின்று, “ஆர்டிஸக்கா, பியூலாவுக்கு வர்ற பத்திரிகையெல்லாம் இனி எந்த விலாசத்துக்கு மாத்தணும்?” என்றார். சிரிக்கவைக்கத்தான் சொன்னார். சிரித்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஹில்டாவையும் அவள் மகளையும் விற்கவில்லை. அது மட்டும் நான் வாய்விட்டுச் சொன்னேன். நிலத்தை இனெஸின் புருஷன் குத்தகைக்கு எடுத்திருக்கிறார். இரண்டு மாட்டுப் பாலுக்கு லாரி வராது, இனெஸ் வீட்டுக்கும் பூனைகளுக்கும் ஆகட்டும். நான் ஊரில் இல்லாவிட்டாலும் இரண்டையும் கறந்து பார்த்துக்கொள்வதாக இனெஸ் சொல்லியிருக்கிறாள். அவளாகத்தான் சொன்னாள், நான் கேட்கவில்லை.

இனிமேல் எனக்குப் பத்திரிகைக் கட்டு அனுப்பாதே. அட்டை எதுவும் அனுப்பாதே. அப்படி வருகிற எதையும் பிரிக்க எனக்குக் கை வராது. கோபம் தீர்ந்ததும் நானே எழுதுவேன், தீருமா என்று என்னைக் கேட்காதே.

ஓர்வல் இன்று மத்தியானம் லா கிராஸில் பஸ் ஏறிவிட்டார். இந்தக் கடிதம் வருவதற்குள் உங்களிடம் வந்து சேர்ந்திருப்பார். முட்டிக்கான மாத்திரை பழுப்பு நிறப் பையில் இருக்கிறது. சாப்பிட்ட பிறகுதான் போட வேண்டும், வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு வயிறு எரிகிறது என்பார். காலையில் விழித்ததும் கறவைக்கு நேரமாகிவிட்டதென்று எழுந்து நிற்பார், அந்த நேரத்தில் யாராவது ஒருவர் எழுந்து ஒரு காப்பி கொடுங்கள். லைல் அவரைச் சீட்டாட்டத்தில் சேர்த்துக்கொள்ளட்டும். தோற்றால் நாள் முழுக்க முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வார், கண்டுகொள்ள வேண்டாம். அந்த வீட்டில் குளிக்கும் இடத்தில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி இல்லையென்றால் இன்றைக்கே போடச் சொல். வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்.

என்மேல் உனக்கும் வருத்தம் இருக்கலாம். நீ நன்றாக இருக்க வேண்டும், உன் வீட்டில் ஒரு குறையும் வரக்கூடாது. அதை நான் கோபத்திலும் மனதாரத்தான் எழுதுகிறேன்.

ஒன்று மட்டும் உன்னிடம் கேட்டுக்கொள்கிறேன். அவருக்குப் பெட்டி கட்டிய அன்றே எனக்கும் ஒரு பெட்டி கட்டி, கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன். மெல்லிய துணிகளாகப் பார்த்து வைத்திருக்கிறேன். அவருக்குத் தெரியாது. வீட்டிலிருந்து பஸ் நிலையம் வரைக்கும் நான்தான் வண்டி ஓட்டினேன், அவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். பஸ் ஏறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, “ரோடெல்லாம் பனி உறைஞ்சு கெடக்கு. மெதுவா ஓட்டிட்டுப் போ” என்றார். அவ்வளவுதான் சொன்னார், நீயும் வருகிறாயா என்று கேட்கவில்லை.

ஆர்டிஸ் வருவாளா என்று அவர் உன்னிடம் கேட்டால், அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல். கேட்டால் மட்டும் சொல். நீயாகச் சொல்லிவிடாதே.

ஆர்டிஸ்